வடக்கனந்தலில் முதல் காட்சி

1

நேற்று மாலை அந்த விழா தொடங்கியது. பாரிஸிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரம் போனால் வருகிற ஒரு மலையூர். பேய்ப் படம், மாயாஜாலப் படம், இந்த மாதிரி வகையறாக்களுக்கு மட்டும் என்று வருடத்துக்கு ஒரு முறை அங்கே விழா எடுக்கிறார்கள். பனி கொட்டுகிற காலத்தில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து, நாள் முழுக்கப் பயந்துவிட்டுப் போகிறார்கள். என் மகள் மஞ்சுளா எடுத்த படம் நேற்று அங்கே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. காரணம் நான்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது. கள்ளக்குறிச்சிப் பக்கம் வடக்கனந்தலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன், பாண்டிச்சேரி வழியாக இந்த ஊருக்கு வந்து ஓட்டலில் பாத்திரம் கழுவி, மாவு பிசைந்து, இன்று சொந்தமாகப் பரோட்டாப் பட்டறை வைத்திருக்கிறேன். பாரிஸில் நம் ஆட்கள் கடைகளில் உறைய வைத்த பரோட்டா வாங்கினால், பாதி என் பட்டறையில் தட்டியதாக இருக்கும். வெள்ளைக்காரனே வாங்குகிறான். எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அதில் ஒருவன் பொறியியல் படித்தவன். இதைச் சொல்லாமல் எனக்கு எதையும் ஆரம்பிக்க வராது. மஞ்சுளா சிறுபிள்ளையாக இருந்தபோதே கேலி செய்வாள்: "அப்பா, மணி இன்னான்னு கேட்டாகூட பட்டறைலேந்துதான் ஆரம்பிப்பீங்க."

அவள் இங்கேயே பிறந்தவள். தமிழ் எங்களிடம் கற்றது. அதனால் பாரிஸில் பிறந்த பெண், வடக்கனந்தல் பாஷை பேசுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது தனி வீட்டில் இருக்கிறாள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மீதி நேரம், மீதி லீவு, மீதி உயிர் எல்லாம் சினிமா.

2

அந்தப் படம் பிறந்ததற்கும் நான்தான் காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சனத்துக்குப் படிப்பிலும் அரசாங்க வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று வட மாவட்டம் முழுக்கச் சாலையை மறித்த காலம் ஒன்று இருந்தது. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது இளவட்டம். ஒரு வாரம் போல பஸ் கிடையாது, லாரி கிடையாது. மலை அடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தோம். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தை விடிவதற்குள் சாய்த்தவன் நான். இதை என் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேசையில் நூறு தடவை சொல்லியிருப்பேன். என் மகன் காதில் பாட்டு மாட்டிக்கொள்வான். இப்போது லியோனில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். மஞ்சுளா மட்டும் கேட்பாள்.

நான் மரத்தைச் சொல்லுவேன், அவள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரத்தில் ஒரு நாள் கல்வராயன் மலையிலிருந்து ஒரு டோலி இறங்கி வந்தது. மூங்கிலில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, முன்னால் இருவர் பின்னால் இருவர் தோளில் வைத்துத் தூக்கி வருவது. உள்ளே பிள்ளைத்தாச்சிப் பெண். அடிவாரத்தில் பஸ் ஏறலாம் என்று வந்தவர்கள், பஸ் இல்லாமல் நடந்தே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் மறிக்கவில்லை. நான்தான் மரத்தின் மேல் ஏறி நின்று டோலியை வாங்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டேன். இதுவும் என் பெருமைக் கணக்கில்தான் இருந்தது.

ஒரு நாள் மஞ்சுளா கேட்டாள்: "அதுக்கப்புறம் எத்தினி மரம்பா இருந்துச்சி, ஆஸ்பத்திரி வரிக்கும்?"

"யாருக்குத் தெரியும். வழி நெடுக்க கெடந்துச்சி."

"அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சி?"

"தெரியலம்மா. நாங்க அடுத்த மரத்துக்குப் போய்ட்டம்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அதுதான் படமாக வந்தது. ஒரு டோலி மரத்தைத் தாண்டிப் போகிறது. அடுத்த மரம். அதற்கடுத்த மரம். தாண்டத் தாண்டத் தாங்கள் முதலில் தாண்டிய அதே மரம் திரும்ப வருகிறது. வெட்டிப் போட்ட மரத்தின் இலை வாடவே இல்லை. தூக்குகிறவர்கள் களைத்துப்போய்க் கடைசியில் டோலியை இறக்கி வைக்கிறார்கள். போர்வைக்குள் யாரும் இல்லை. மரத்துக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் வருகிறது. அவ்வளவுதான், இருபது நிமிடம்.

3

கோமுகி அணைப் பக்கத்தில் வைத்து எடுத்தாள். சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டிப் போட்ட புளியமரங்கள் கிடந்தன, அவளுக்கு அதிர்ஷ்டம். டோலி தூக்கியது நடிகர்கள் இல்லை, மலை ஆட்களே. வடக்கனந்தலில் இருக்கும் என் தங்கை பூங்காவனம் வீட்டில்தான் அத்தனை பேருக்கும் சோறு. "உம் பொண்ணு வெயில்ல நின்னு கறுத்துப் போறாண்ணா, கேமராவுக்கு மட்டும் கொட புடிக்கிறா," என்று தங்கை போனில் புலம்பினாள்.

படம் முடிந்ததும் விழாவுக்கு அனுப்புகிற வேலை. இங்கே எதற்கும் விண்ணப்பம், விண்ணப்பத்துக்கு ஒரு இணைப்பு, இணைப்புக்கு ஒரு சான்று. எனக்குக் குடியுரிமை கொடுக்கக்கூட இத்தனை கேட்கவில்லை. அவள் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தாள், நான் பின்னால் நின்றேன். எந்த வகைப் படம் என்ற இடம் வந்தது.

"வரலாறுன்னு போடும்மா."

"அதுல அது இல்லப்பா. திகில், மாயம், விஞ்ஞானம். மூணுதான்."

"நான் வெட்டுன மரத்த நீ பேயின்னு எழுதப் போறியா?"

"நீங்க வெட்னது மரந்தான். நான் எடுத்ததுதான் பேய்."

திகில் என்று போட்டாள். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. சனம் ரத்தம் சிந்தின போராட்டம், பேய்ப் பட்டியலில் போய் நிற்கிறதே என்று என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். "டோலில இருந்த பொண்ணு பக்கத்துலேந்து பாத்தா அது பேய்தான்," என்றாள் சரோஜா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

பிரெஞ்சில் கீழே ஓடுகிற எழுத்துக்கு நான்தான் உதவி. எங்கள் பாஷை அவள் நண்பர்கள் யாருக்கும் புரியாது. இட ஒதுக்கீடு என்பதற்கு முதலில் அவள் போட்ட சொல், இங்கே ஓட்டலில் மேசை பிடித்து வைப்பதற்குச் சொல்லும் சொல். சாப்பிட இடம் கிடைக்காமல் மரத்தை வெட்டினார்கள் என்று வெள்ளைக்காரன் நினைத்துக்கொள்வான் என்றேன். இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தோம். அவளும் நானும் சேர்ந்து அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதம் தினமும் பட்டறையை மூடிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஒரு பென் டிரைவில் படத்தைப் போட்டுக் கொடுத்தாள். டிவியில் போட்டு எழுத்தைச் சரி பார்க்கச் சொன்னாள். "விழா முடியற வரிக்கும் இத வெளியில யாருக்கும் காட்டக் கூடாதுப்பா. மொத காட்சி அங்கதான் நடக்கணும். அது அவங்க சட்டம்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

4

ஆடி மாதம் ஊருக்குப் போனேன். எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழா. வருடம் தவறினாலும் நன்கொடை தவறாது, நோட்டீஸில் என் பெயர் மேலே இருக்கும்.

எங்கள் பக்கத்தில் எது புதிதாக வந்தாலும் முதலில் அம்மன் வாசலுக்குத்தான் போகும். டிராக்டர் வாங்கினால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து கோயிலைச் சுற்றி வந்த பிறகுதான் வயலில் இறங்கும். முதல் பாரம் கரும்பில் இரண்டு கழியை ஒடித்து வாசலில் சாத்திவிட்டுத்தான் வண்டி ஆலைக்குப் போகும். அதை யாரும் வெளியே கொடுத்ததாகக் கணக்கு வைப்பதில்லை. அது வீட்டுக்குள் நடக்கிற காரியம். என் மகள் பெற்ற பிள்ளை மாதிரி ஒரு படம் இருக்கிறது, அது மலையூர் வெள்ளைக்காரன் முன்னால் போய் நிற்பதற்கு முன் அம்மன் பார்க்க வேண்டாமா? ஊர் பார்ப்பது வெளியார் பார்ப்பதா? நான் அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக எனக்கு அது சட்டத்தை மீறுவதாகத் தோன்றவில்லை.

தங்கை புருஷன் தனபால் சுற்று வட்டாரத்துக்குக் கேபிள் டிவி விடுகிறவன். அவனிடம் சொன்னதுதான் தாமதம். "உடு மச்சான், நான் பாத்துக்கறேன்," என்றான். மறுநாள் தியாகதுருகம் ரோடு வரைக்கும் பிளக்ஸ். பாரிஸ் கண்ட பரோட்டா அதிபரின் மகள் இயக்கிய உலகத் திரைப்படம் என்று போட்டு, நடுவில் என் படம். ஓரத்தில் சின்னதாக மஞ்சுளா. பள்ளியில் எடுத்த போட்டோ போலிருக்கிறது, இரட்டைச் சடை. நான் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாமே என்றேன். அவள் படத்தைச் சொல்லவில்லை, பிளக்ஸைச் சொன்னேன்.

பொழுது சாய்ந்ததும் கோயில் திடலில் திரை கட்டினார்கள். எலவனாசூர்கோட்டையிலிருந்துகூட வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எப்படியும் இரண்டாயிரம் பேர் இருக்கும். பூங்காவனம் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்தாள். படத்தில் டோலி தூக்கிய மலை ஆட்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கரும்பு ஆலைக்கு லாரி விடுகிற ஒரு பெரிய மனிதர் வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். ஐந்தாம் வகுப்பில் என்னை வெளியே நிறுத்தின ஊரில் எனக்குச் சால்வை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வராதவர்கள் கேட்டார்கள் என்று தனபால் இரண்டு தடவை கேபிளில் போட்டான். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற நம் பையன்கள் கேட்டார்கள் என்று யூடியூபிலும் ஏற்றிவிட்டான். அதை அவன் என்னிடம் சொன்னபோது நான் அவன் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

5

கார்த்திகை பிறந்த சமயம் விழாவிலிருந்து பதில் வந்தது. படத்தை எடுத்துக்கொண்டார்கள். மஞ்சுளா கடையிலிருந்து ஓடி வந்து பட்டறையில், மாவு அப்பிய என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாட்டுப் படங்கள் போட்டி போட்ட இடத்தில் நம் பெண். சரோஜா கேசரி கிண்டினாள். மகன்கூட லியோனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் போன் செய்தான்.

சாப்பிட உட்கார்ந்தோம். எல்லோரும் அவளையே பாராட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"இவங்க முன்னூறு பேருதான் பாப்பாங்க. நம்ம ஊர்ல ரெண்டாயிரம் பேரு பாத்தாங்க. கேபிள்ல பாத்தது தனி."

மஞ்சுளா கையில் எடுத்த கேசரி கையிலேயே இருந்தது. "எத பாத்தாங்க?"

"படத்ததான். அம்மன் திடல்ல போட்டம்ல. ஒனக்குச் சொல்லலாம்னு..."

"கேபிள்லயா?"

"தனபால் மாமா போட்டான். யூடியூப்லகூட கெடக்குது. நல்ல பேரு."

அவள் போனை எடுத்துத் தேடினாள். என் படம்தான் முதலில் வந்தது, சால்வையோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது தெரியும்.

"வெளியில காட்டக் கூடாதுன்னு சொன்னனேப்பா."

"ஊரு வெளியா?"

அவள் போனை என் பக்கம் தள்ளினாள். தனபாலுக்குப் போன் போட்டு யூடியூபிலிருந்து எடுக்க வைத்தேன். பிறகு அவளிடம் சொன்னேன்: "இப்ப அதுவும் இல்ல. வடக்கனந்தல் கேபிள இங்க எவன் பாக்கறான்? எங்கயும் காட்டலன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிடு. நான் இந்த நாட்ல எத்தினி காயிதத்துல அப்பிடிப் போட்டுருக்கேன், எவனும் கேக்கல."

"நீங்க போட்டீங்கப்பா, நான் போட மாட்டேன்," என்றாள். அதில் கோபம்கூட இல்லை. எந்த ஊர்ப் பெண் என் வீட்டில் வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அன்றே நடந்ததை நடந்தபடி விழாக்காரர்களுக்கு எழுதிவிட்டாள்.

நான்கு நாளில் பதில். வருத்தப்படுகிறோம், விதி எல்லோருக்கும் ஒன்று, அந்த இடத்தில் வேறு படத்தைச் சேர்த்துவிட்டோம், அடுத்த படத்தை மறக்காமல் அனுப்புங்கள். அடுத்த படமாம். இந்த ஒன்றுக்கே இரண்டு வருட லீவைச் செலவழித்திருந்தாள்.

6

அவளுக்குத் தெரியாமல் விழா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. கொண்டு வா, கழுவு, சூடு, சீக்கிரம், இவற்றில் நான் ராஜா. மன்னிப்புக் கேட்கிற பிரெஞ்சு எனக்குத் தேவைப்பட்டதில்லை.

எடுத்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். தப்பு என் மீது, பெண் மீது இல்லை என்றேன். ஊர் சாமிக்குக் காட்டினோம் என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சாமி பார்த்ததை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, கூட எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டாள். குறைத்துச் சொல்ல வேண்டிய இடம் அது. பத்து பேர், வீட்டு ஆட்கள் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் என்ன வாயோ, இரண்டாயிரம் என்றது.

"இரண்டாயிரமா. எங்கள் பெரிய அரங்கில்கூட அவ்வளவு இல்லை," என்றாள் அந்த அம்மாள். "உங்கள் மகளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்."

வைத்துவிட்டாள். வாழ்த்தை நான் சொல்லவில்லை.

7

விழாவுக்கென்று எடுத்த லீவை மஞ்சுளா திருப்பிக் கொடுக்கவில்லை. நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, எல்லாம் கேட்பாள். கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவது போல் பேசுவாள்.

சரோஜா கடைக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சீக்கிரமே போய்க்கொண்டிருந்தது. மலையூரில் கதவு திறந்து ஆட்களை உள்ளே விடுகிற நேரம். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பரிசு போனா போவுது, அது பெருசில்லம்மா," என்று ஆரம்பித்தேன். "ஒன்ன விட ஜாஸ்தி படிச்சவன்லாம்..."

"பரிசு இல்லப்பா." அவள் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் அத எங்கூட்டு கம்ப்யூட்டர்ல ஒரு ஆயிரம் வாட்டி பாத்துருக்கேன். சனத்தோட ஒக்காந்து ஒரு வாட்டிகூட பாக்கல. மொத மொத சனம் அத எப்பிடிப் பாக்கும்னு பாக்கத்தான் போவணும்னு இருந்தேன். அது மொத வாட்டின்னா ஒரே வாட்டிதான வரும். அது நடந்துடுச்சி. நீங்க அங்க இருந்தீங்க, நான் இல்ல."

எனக்கு இது உறைக்கவே இல்லை, இத்தனை நாளும். பட்டியலில் பெயர் போனது, மேடை போனது, செய்தித்தாள் போனது என்றுதான் நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அதான் கேக்கறேன்," என்றாள். "மரத்துக்குள்ள கொழந்த அழுவுதில்ல. அப்ப இன்னா பண்ணாங்க? சிரிச்சாங்களா? பயந்தாங்களா? எயுந்து போனாங்களா? சொல்லுங்கப்பா."

அவள் முகம் சிறு வயதில் மரக்கதை கேட்ட முகம். இந்த இரண்டு மாதத்தில் நேற்றுதான் என்னிடம் ஒன்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு எனக்கா வராது? கூட்டமே உறைந்துபோய்விட்டது, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், பெரியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டார் என்று பத்து நிமிடம் சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

ஆனால் நான் பார்க்கவில்லை. குழந்தை அழுதபோது நான் திரைக்குப் பின்பக்கம் இருந்தேன். லாரிக்காரர் தாமதமாக வந்தார், படம் ஓடும்போது முன்னால் சால்வை போட்டால் மறைக்கும் என்று பின்னால் கூட்டிப் போனார்கள். தனபால் நாலைந்து போட்டோ எடுத்தான். சத்தம் என் காதில் விழுந்தது. லாரிக்காரர் தன் அக்காள் மகனுக்கு இங்கே ஒரு வேலை பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார், நான் ஆறு பேர் எனக்குக் கீழே வேலை செய்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் முன்பக்கம் வந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள்.

"நான் பாக்கலம்மா," என்றேன். "பின்னால இருந்தேன்."

அவள் கண்ணை என் மீதிருந்து எடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

போனை எடுத்துப் பூங்காவனத்தைக் கூப்பிட்டேன். ஊரில் படுக்கிற நேரம். "இன்னாண்ணா, இந்நேரத்துல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றாள் பதறி.

"எனக்கு ஒண்ணுமில்ல. பாப்பா ஒண்ணு கேக்கணுமாம். நீ பாத்தத சொல்லு. நீ பாத்தத மட்டும் சொல்லு."

மஞ்சுளா கையில் போனைக் கொடுத்தேன். "அத்த," என்றாள். அந்தப் பக்கம் தங்கையின் குரல் சளசளவென்று ஆரம்பித்தது. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. என் ஊர், என் அம்மன் திடல், என் மகள் படம். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மாடிப்படியில் குளிர். செருப்பு மட்டும் போட்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "ம்... யாரு, டோலி தூக்குனவரா?... அவரு சம்சாரமா... ம்..." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அப்புறம், அத்த?"

அதற்கு மேல் காதில் விழாத இடம் வரைக்கும் படியிறங்கிப் போய் நின்றுகொண்டேன்.